எதிர்ச்சுற்று

முருகேஸ்வரி இடது கைக்காரி. அச்சங்குளத்தை ஒட்டிய ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் தரைச்சக்கரம் சுற்றுகிறாள். மருந்து அடைத்த மெல்லிய தாள் குழாயை மற்றப் பெண்கள் வலப்பக்கமாகச் சுருட்டினால், இவள் கை இடப்பக்கமாகச் சுருட்டும். பற்றவைத்தால் அவர்களுடையது ஒரு பக்கம் சுழலும், இவளுடையது மறுபக்கம். யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. "சுத்துனாச் சரித்தான், எங்கிட்டுச் சுத்துனா என்ன" என்பார் போர்மேன் சங்கரலிங்கம்.

கண்ணில் பட்டது பிரீத்திக்கு. முதலாளி முத்துக்கிருஷ்ணனின் மகள், வெளியூரில் படித்துவிட்டு வந்தவள். முருகேஸ்வரி சுற்றியவற்றை மட்டும் தனிப்பெட்டியில் போட்டு, அதன்மேல் 'விடர்ஷின்ஸ்' என்று அச்சடிக்கச் சொன்னாள்.

"அப்படின்னா என்னம்மா?" என்றாள் முருகேஸ்வரி.

"கடிகார முள்ளுக்கு எதிராச் சுத்துறது, அக்கா. பழைய இங்கிலீசு வார்த்தை. வெள்ளைக்காரங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியாது."

"அவுகளுக்கே தெரியாததை நம்மூர்ல எவன் வாசிக்கப் போறான்" என்றாள் பக்கத்தில் இருந்த ராமுத்தாய்.

ஆனால் பெட்டி விற்றது. முருகேஸ்வரிக்கு வாசலோரம் காற்று வரும் இடம் கிடைத்தது. சோற்றில் வைத்ததற்காகச் சின்ன வயதில் சூடு வாங்கிய கை அது. அதற்கு இங்கிலீசில் ஒரு பெயர் இருந்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

சித்திரையில் ஒரு ஷெட் எரிந்தது. வெயிலில் காயப்போட்ட மருந்தை உச்சிவெயிலுக்கு முன்னால் அள்ளியிருக்க வேண்டும். லோடு அவசரம் என்று ஆட்களை வேறு வேலைக்கு இழுத்துவிட்டார்கள். அந்த ஷெட்டில் வேலை செய்த பாண்டிலட்சுமிக்கு இரண்டு கையும் வெந்தது.

மூன்றாம் நாள் முத்துக்கிருஷ்ணன் எல்லார் முன்னாலும் மகளிடம் பெட்டியில் அச்சடித்த அந்தச் சொல்லுக்கு முழு அர்த்தம் கேட்டார். பிரீத்தி போனைப் பார்த்துச் சொன்னாள். பழைய ஜெர்மன் பேச்சில் 'எதிர்வழி' என்று இருந்ததாம். ஸ்காட்லாந்துக்குப் போனபிறகு, சூரியன் போகும் போக்குக்கு மாறாகச் சுற்றுவது என்று ஆனதாம். அப்படிச் சுற்றினால் கேடு வரும் என்று அங்கே நம்பினார்களாம்.

"நாமளும் சுடுகாட்டுலதான அப்படிச் சுத்துறோம்" என்றார் அவர். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. பிரீத்தி போனை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் சங்கரலிங்கம் வந்தார். "ஏத்தா, நாளையிலிருந்து வலது கையால சுத்து. முடியலேன்னா வேலைய விட்டு நின்னுக்கிடச் சொல்லிட்டாக."

"வெயில்ல கெடந்த மருந்து எங்கிட்டுச் சுத்துச்சுண்ணே?"

"எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். என்னைய ஏன் கேக்குற?"

ஒரு வாரம் முயன்றாள். சுருள் நெகிழ்ந்து நெகிழ்ந்து அவிழ்ந்தது. சனிக்கிழமை நிறுத்தினார்கள்.

திருத்தங்கல் பக்கம் இன்னொரு கம்பெனிக்குப் போனாள். வாசலிலேயே கேட்டார்கள்: "ஷெட்டு எரிஞ்ச எடத்துல இருந்த எடது கைக்காரி நீதானா?"

"நான் இல்லீக."

உட்காரச் சொன்னார்கள். குழாயைப் பிடித்துக்கொள்ள மட்டும் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கையால் சுற்றத் தொடங்கினாள். போர்மேன் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவது வளைவிலேயே தாள் கிழிந்து மருந்து மடியில் கொட்டியது.