பெரியப்பாவுக்கு ஒரு கட்டளை

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் ஏவுவது பெரியப்பாவின் வேலை. திண்டிவனத்திலிருந்து வளவனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சித்தி, அவர் எதிரில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று "சரிங்க மாமா" என்பதோடு சரி. அப்படிப்பட்டவள் போனில் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தாள். பாஸ் பண்ணினால் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி வேலை காத்திருந்தது.

பாடம் ஏவல் வினைக்கு வந்ததும் மாட்டிக்கொண்டாள். இலக்கணம் என்னவோ சுலபம்தான். "கடைசி 'ர்'ர எடுத்துடு. 'ஈர்'னு முடிஞ்சா மட்டும் 'ஈ'க்குப் பதிலா 'ஏ' போட்டுக்கோ" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். மிரார் என்றால் பார்ப்பது, மிரா என்றால் பார். கோமேர், கோமே: சாப்பிடு. அப்ரீர், அப்ரே: திற. ஆனால் அவள் வாயில் கட்டளையெல்லாம் கெஞ்சலாக வந்தது. "அதட்டிச் சொல்லுங்க" என்று போன் திரையில் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மாதம் வீடு முழுக்க என்னைத்தான் ஏவிப் பழகினாள். வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, அதுதான் கூலி. எனக்கு ஒரே குஷி.

வீட்டில் ஒருத்தரை ஸ்பானிஷில் ஏவிச் செய்யவைக்க வேண்டும், அதுதான் பரீட்சை. அன்று டீச்சர் என்னைத் திரையில் பார்த்ததும் சிரித்தார். "பாப்பாவுக்கு மனப்பாடம் ஆயிருக்கும். வீட்ல பெரியவங்க யாரையாவது கூப்பிடுங்க." எல்லோரும் கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார்கள். இருந்தவர் பெரியப்பா ஒருத்தர்தான். சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. நானே ஓடிப்போய் அவரை இழுத்து வந்தேன்.

"சித்தி சொல்றத நீங்க செய்யணும் பெரியப்பா. இல்லாங்காட்டி ஃபெயிலு."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். சித்தி வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். வேலை போய்விடுமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாம்மா யோசிச்சிக்கினு நிக்கிற? ஜல்தி சொல்லு" என்றார் பெரியப்பா.

"அப்ரே!" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள் சித்தி. அவர் போய் ஜன்னலைத் திறந்தார். ஒரு மாதமாக வாசலில் உட்கார்ந்து அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! "கோமே!" தட்டிலிருந்த மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "கொர்ரே!" என்றாள் அடுத்து. ஓடு என்று அர்த்தம்.

"அது மட்டும் வேணாம்மா, முட்டி வலிக்குது."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சித்தி பாஸ்.

அன்று சாயங்காலம் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல "தண்ணி கொண்டாம்மா" என்றார். சித்தி எதிரிலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கை வேலையா இருக்கேன். நீங்களே மொண்டுக்குங்க மாமா."

பெரியப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து குடத்தடிக்குப் போனார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இதுகூடத் தெரியாத மனுஷராக இருக்கிறாரே!

"உட்காருங்க பெரியப்பா" என்றேன். "பரீட்சதான் முடிஞ்சிடுச்சே."