‘இதர செலவுகள்’ தலைப்பில் கிடந்த பால்மா

ஸ்டென்சில் மையின் மணம் எங்கே எழுந்தாலும் அந்தப் பிற்பகல் திரும்பி வருகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் ஓர் உள்ளூராட்சி அலுவலகத்தில் வரவு செலவுத் திட்டம் எழுதும் கிளார்க் நான். செலவைக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருந்தது: முதலில் ‘இதர செலவுகள்’. ஒரே கோடாக வெட்டினேன். நாலு மணி பஸ்ஸில் பிரதி மேலிடத்துக்குப் போக வேண்டும்.

மூன்று மணிக்கு, பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கும் லிங்கநகர் பால் நிலையத்தை நடத்தும் மருத்துவிச்சி றஹீமா வந்தார்.

“தம்பி, அடுத்த வருசம் பால்மா இல்லையாம், ஸ்டோர்ஸில சொல்றாங்க. ஆர் வெட்டின?”

“பாலை ஒருதரும் வெட்டேல்ல, அக்கா. றோட்டு, விளக்கு, முதியோர் உதவி எல்லாம் அப்பிடியே இருக்கு.”

“அப்ப பிள்ளையள் எங்க?”

தேடினேன். தெருவுக்குத் தலைப்பு இருந்தது. முதியோருக்கு இருந்தது. பால்மா மட்டும் ‘இதர’வுக்குள், செத்த நாய் அகற்றும் செலவுக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவில் கிடந்தது. போன வருடத்து ஃபைலைப் பார்த்து எழுதுவது எங்கள் வழக்கம். முன்னிருந்தவர் அங்கே வைத்தார், நானும் வைத்தேன், நானே வெட்டினேன்.

எங்கள் தலைமைக் கிளார்க், பிரதம லிகிதர் சிவபாலனிடம் ஓடினேன்.

“புதுத் தலைப்புப் போடலாம் ஐசே. ஆனா மொத்தத் தொகை கூடக்கூடாது. எதில குறைப்பீர்?”

“லிங்கநகர் உள்றோட்டுக்குக் கல்லுப் போடுற காசில, சேர்.”

“றோட்டுக்குச் சனம் வந்து கத்தும். பால் குடிக்கிறதுகள் கத்தாதுகள். அதுதான் அதுகள வெட்டுறது சுகம்.” பேனாவைத் திறந்து மாற்றத்துக்குக் கையெழுத்திட்டார். “கெதியா ஸ்டென்சில அடியும். பிழை விட்டா நீர்தான் பஸ்ஸுக்குப் பின்னால ஓடோணும்.”

இரண்டு பிழை விட்டேன். ஓடினேன். நகரத் தொடங்கிய பஸ்ஸின் கதவால் உறையை நீட்டினேன். கொண்டக்டர் திட்டிக்கொண்டே வாங்கினார்.

இப்போது வரவு செலவு எழுதுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே உண்டு. பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று பார்க்குமுன், அவர்கள் பெயரில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத இடத்தில்தான் கத்தி முதலில் இறங்கும்.

அன்று பஸ்ஸை அனுப்பிவிட்டு மூச்சு வாங்க அலுவலகத்துக்குத் திரும்பினேன். வாசலில் சைக்கிளோடு நின்றார் றஹீமா.

“அக்கா, பால்மாவுக்குத் தலைப்புப் போட்டாச்சு. கல்லுக் காசு வெட்டினது உங்கட றோட்டிலதான். மாரி மழைக்குச் சேறாப் போகும்.”

அவர் சேலையைச் செருகிக்கொண்டு ஹாண்டிலைத் திருப்பினார்.

“ஓம், போகட்டும். நான் சைக்கிள உருட்டிட்டுப் போவன் தம்பி.”