கொப்பு கட்டின சைக்கிள்

எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான். இந்தப் பொன்முடி எஸ்டேட்டில் அதைச் சொல்ல இனி ஆள் பாக்கியில்லை. தேயிலை ஃபேக்டரியில் ஓடுகிற மெஷினிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. ஆனால் பேரனைப் பற்றிச் சொன்னால் என் சம்மந்தி திரவியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

திரவியம் என் மருமகள் ஆவுடைத்தாயின் அப்பா. இரணியல் பக்கத்துக்காரர். திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு தையல் மெஷின் கடையில் மெக்கானிக். பெண்டாட்டி செத்த பிறகு ஸ்ரீவராகத்தில் ஒற்றை அறையில் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். மகள் இங்கே மலைக்கு வந்ததும் அந்த அறையில் அவரும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான்.

மாதத்தில் ஒரு வாரம் கடை அவரை வித்துராவுக்கு அனுப்பும். தையல்காரர்களின் மெஷினைக் கழற்றி, எண்ணெய் விட்டு, பூட்டிக் கொடுக்க வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் பையோடு பஸ் ஏறுவார்கள். இவர் பஸ்ஸின் மேலே தன் சைக்கிளையும் ஏற்றிவிடுவார். விடியும் முன்பே வேலையைத் தொடங்கி, மதியத்துக்குள் முடித்துவிட்டு மலைக்குக் கிளம்புவார். ஒரு நாள் போணக்காடு, ஒரு நாள் பொன்முடி. மிதிக்க முடிந்த இடத்தில் மிதிப்பார், முடியாத இடத்தில் தள்ளுவார். மகளைக் கட்டிக்கொடுக்கும் முன்பிருந்தே இப்படித்தான்.

அடிவாரத்தில் கல்லாறில் சாயாக்கடை வைத்திருக்கிற சுசீலாபாய் கேலி செய்வாள். “எந்தா அண்ணே, மேல எவளாவது காத்துக்கிட்டு இருக்காளோ?”

“காத்திருந்தா பஸ்ஸுல போயிருக்க மாட்டனா?” என்பார்.

நானும் ஒருமுறை கேட்டேன். “அப்படி என்னத்த ஓய் பாக்கீரு இந்த மலையில?”

“ஒண்ணும் பாக்கல. ஏறும்போ மூச்சு முட்டுமில்லா, அப்ப வேற நெனப்பு வராது.”

இறங்குவதுதான் ஆபத்து. அத்தனை வளைவுக்கும் பிரேக் பிடித்தால் கட்டை தேய்ந்து போகும். அதனால் இலையோடு ஒரு பெரிய கொப்பை வெட்டி, கயிற்றால் கேரியரில் கட்டிக்கொள்வார். அது பின்னால் ரோட்டில் இழுபட்டு, சைக்கிளை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். கீழே போனதும் அவிழ்த்து, சுசீலாபாயின் அடுப்புக்குப் போட்டுவிடுவார். அந்தக் கொப்பு இழுபடுகிற சத்தம் எங்கள் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். “ஆவுடைக்க அப்பா எறங்குதாரு” என்பார்கள்.

தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அந்த வீட்டில் பெண் துணை இல்லாததால் ஆவுடையை நாங்களே வைத்துக்கொண்டோம். இந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் வலி கண்டு, சாயங்காலத்துக்கு முன்னே பையன் பிறந்தான்.

பால் கொடுக்கும் முன் பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். சேனை என்போம். தொட்டவரின் குணம் பிள்ளைக்கு வரும். தன் அப்பாதான் தொட வேண்டும் என்று ஆவுடை மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவருடைய வித்துரா வாரம்.

என் பெண்டாட்டி மாடம்மாளுக்குப் பிடிக்கவில்லை. “அவரா? மனுசன் ஒத்தையில கெடந்து ஒத்தையில அலையுதாரு. அந்தக் கொணம் நம்ம பிள்ளைக்கு வரவா? நீங்க தொடுங்க. நீங்கன்னா நாலு பேரு கூடச் சிரிச்சுப் பேசுத ஆளு.”

“அத்தே, எங்கப்பா வந்திரட்டும். இன்னைக்கு இங்க வாற நாளு” என்றாள் ஆவுடை, படுத்த இடத்திலிருந்து.

“பிள்ள பசியில கத்துது, கேக்கலியா?”

வழியில் அவர் தலை தெரிகிறதா என்று பார்க்க வெளியே வந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுச் சுவர் வெறும் பலகை.

“வாரும் ஓய், பேரன்! உமக்காகத்தான் காத்து நிக்கோம்” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் அசையவில்லை. “தங்கச்சி சொல்லுறது நேருதான், சம்மந்தி. நீரே தொடும்.”

“அவ கெடக்கா, விடும். உம்ம மகளுக்கு மனசு நோவும்.”

“நோவும். ஆனா ஒத்தையில கெடக்கது எப்படின்னு எனக்கில்லா தெரியும். அவனுக்கு அது வேண்டாம்.”

நான்தான் தொட்டேன். பையன் என் விரலைச் சப்புக் கொட்டிச் சப்பினான். அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் நிலைப்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

“நீங்க ஏம்ப்பா தொடல?” என்று அழுதாள் ஆவுடை.

“எண்ணெய்க் கையி, மக்களே.”

நான் அவர் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில்கூட கறுப்பு இல்லை. அந்த வாரம் பொன்முடிக்கு ஏறின நாளெல்லாம், ஏறும் முன் சுசீலாபாயின் கடை வாசலில் சோப்பும் தேங்காய் நாரும் போட்டுக் கையைத் தேய்த்திருக்கிறார். அவள் பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

மாடம்மாள் தலையைக் குனிந்துகொண்டு கட்டன் சாயா கொண்டுவந்தாள். “அண்ணே, நான் என்னமோ வாய் தவறி...”

“சாரமில்ல தங்கச்சி, விடு.”

தங்கச் சொன்னேன். வித்துராவில் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு ரோட்டோரம் கொப்பு வெட்டிக் கட்டினார். நான் வளைவு வரை கூடப் போனேன். மூடுபனியில் ஆள் சீக்கிரம் மறைந்துவிட்டார். கொப்பின் சத்தம் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் கேட்டது. கீழே போகப் போக மெலிந்துகொண்டே போனது.

நான் வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளை பால் குடித்துத் தூங்கியிருந்தது.

“அப்பா எறங்கியாச்சா மாமா?”

“எறங்கிட்டு இருக்காரு. சத்தம் கேக்குல்லா?” என்றேன். அதற்குள் தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

ஆவுடை கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.

“ஆமா, கேக்கு” என்றாள்.