ஜன்னலுக்கு ஷட்டர் வைக்கப் போய்...

போன வாரம் சின்னமனூரில் ஒரு விவசாயியின் வயலில் அரை நாள் நடவு நின்றுபோனது. காரணம், எங்கள் வீட்டு மேற்கு ஜன்னல்.

ஆனிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் பாதி மண். இறுக்கிச் சாத்துகிற மாதிரி மர ஷட்டர் வைப்போம் என்றேன் நான். பிளைண்ட்தான் வேண்டும் என்றாள் மனைவி. அவள் அண்ணன் மேகமலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. அங்கே துரை பங்களாவில் மூங்கில் பிளைண்டைக் கயிறு போட்டுச் சுருட்டி ஏற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தவள்.

"ஷட்டரப் போட்டா வீடே இருண்டு போகும். பகல்லயே விளக்கு ஏத்தணும்."

"பிளைண்ட் இந்தக் காத்துக்கு நிக்குமா? பிச்சுக்கிட்டுத் தேனிக்குப் போயிரும்."

இரண்டு நாள் இதே வாக்குவாதம். மூன்றாம் நாள் காப்பிக் கடையில் ஆசாரியைப் பிடித்தேன். வீட்டில் காட்ட முடியாத வீரத்தை அங்கே காட்டினேன்.

"நாளையிலருந்து ஷட்டர் குளோஸ். ஆடி முடியிற வரைக்கும் திறக்கிறதா இல்ல. யார் வந்து அழுதாலும் சரி."

இதில் ஒரு சிக்கல். நான் பாசன ஆபீஸ் குமாஸ்தா. இந்தப் பக்கத்தில் ஷட்டர் என்றால் ஒன்றே ஒன்றுதான் — பெரியாற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுகிற மதகுக் கதவு. பக்கத்து பெஞ்சில் பெருமாள் உட்கார்ந்திருந்தார். மறுநாள் நடவுக்கு ஒன்பது பெண்களைச் சொல்லி வைத்திருந்த மனிதர். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். காப்பி சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்...

மறுநாள் காலை வாசலில் இருபது பேர். கையில் மண்வெட்டி.

"தண்ணிய நிப்பாட்டப் போறாகன்னு, நட வந்த பொம்பளைகளத் திருப்பி அனுப்பிட்டேன். நாத்து முத்திப்போச்சுங்கய்யா. இனியும் நடலைன்னா இந்த வருசம் எம்புள்ளைக என்னத்தத் திங்கும்?" பெருமாளுக்குக் குரல் உடைந்தது.

"மதகு இல்ல பெருமாள்... ஜன்னல். எங்க வீட்டு ஜன்னல்."

அந்த நேரம் பார்த்து ஆசாரி பலகையைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். கூட்டம் பலகையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை — அதுதான் பயமாக இருந்தது.

"போன பொம்பளைகள இப்ப யாரு போயிக் கூப்புடுவா?" என்றார் பெருமாள்.

வேறு யார்? ஆபீசுக்கு லீவு போட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்து, நடவுக்குத் தலைமையான ஒச்சம்மாவைப் பிடித்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். இடுப்பில் கை வைத்து முழுக்கக் கேட்டாள்.

"ஏஞ்சாமி, ஜன்னலச் சாத்தப் போறேன்னு சொன்னா வாய் வலிச்சிருமா?"

நல்ல வார்த்தை வீட்டிலேயே கிடக்க, ஆபீஸ் வார்த்தையை இரவல் வாங்கிக்கொண்டு வெளியே கிளம்பினால் இப்படித்தான். மத்தியானத்துக்குள் ஒன்பது பேரும் வயலில் இறங்கினார்கள். முதல் கட்டு நாற்று சேற்றில் இறங்கிய பிறகுதான் பெருமாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார். எனக்கும் மூச்சு வந்தது.

ஆசாரியின் பலகை திரும்பிப் போய்விட்டது. ஜன்னலில் இப்போது பிளைண்ட் தொங்குகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் இதை என்னவென்று சொல்வது என்றாள் மனைவி.

"தட்டின்னு சொல்லு," என்றேன். மெதுவாகத்தான்.