கலா மேடம் வாங்கிக்கொண்ட மெமோ

கலா மேடம் இறந்துவிட்டதாக ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குழுவில் வருவதை நான் உடனே நம்புவதில்லை. கீரமங்கலத்தில் அவர் வீட்டுக்கே போன் செய்தேன். அவர் கணவர் எடுத்தார். "ஆமாம்மா, விடியக்காலம்தான். ஒங்களுக்கு நானே சொல்லணும்னு நெனச்சேன்" என்றார். சிகிச்சை முடிந்து அடுத்த பருவத்துக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

அவர் கணினித் துறை, நான் பொருளாதாரம். கல்லூரியில் எங்கள் அறைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒருநாள், ஒரு கணினி அனுப்புவது இன்னொன்றுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்டேன். மாணவிகளுக்குச் சொல்லும் உதாரணத்தையே எனக்கும் சொன்னார்.

"ஆவுடையார்கோவில்ல கல்யாணம்னு வைங்க. சனம் ஒரே பஸ்ல கொள்ளாது. அஞ்சு பஸ்ஸா பிரிஞ்சு போகுது. ஒண்ணு இந்த ரோட்ல போகும், ஒண்ணு அந்த ரோட்ல போகும். வழியில பஸ்ஸுகூட மாறலாம். போற ஊரு மட்டும் மாறாது. அங்க போயி வரிசையா சேந்து ஒக்காந்துக்குவாங்க."

"ஒரு பஸ் வரலைன்னா?"

"வரலைன்னு தகவல் சொல்லுவோம். திரும்ப அனுப்புவாங்க."

"வராத பஸ்ல தாய்மாமன் இருந்தா? இன்னொரு தாய்மாமனை அனுப்புவாங்களா?"

கலா மேடம் சிரித்துவிட்டார். "அனுப்புற கம்ப்யூட்டர் ஒரு நகல் கையில வச்சிருக்கும், எக்கனாமிக்ஸ் மேடம். கல்யாண வீட்ல தாய்மாமனுக்கு நகல் கெடையாது. என் உதாரணம் அந்த எடத்துல ஒடைஞ்சு போச்சு. எந்த உதாரணத்தையும் ஒடையுற எடம் வரைக்கும்தான் நம்பணும்." அடுத்த வகுப்பில் உதாரணத்தோடு தாய்மாமனையும் சேர்த்துச் சொன்னார் என்று மாணவிகள் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஓர் ஆயுத பூஜைக்குப் பிறகு நடந்தது. விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது எந்தக் கணினியிலும் இணைப்பு இல்லை. அலுவலகத்தில் தேர்வுக் கட்டண வேலை நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர், லேப்பைக் கழுவும்போது சுவிட்ச் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கும், புதிதுதான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கணினிகளின் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி அது. லேப்பைக் கழுவியவர் தற்காலிக உதவியாளர் முருகேசன். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். அவரை நிறுத்திவிடுவது என்று முதல்வர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். ஒரு விசாரணை அறிக்கை மட்டும் வேண்டும் என்றார். எதையும் லேசில் நம்பாதவள் என்று எனக்குப் பெயர் இருந்ததால் அந்த வேலை என்னிடம் வந்தது.

நான் லேப்புக்குப் போனபோது கலா மேடம் அந்தப் பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. "தண்ணி போன பெட்டி இப்படி மின்னாது" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்றைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின. அந்த ஒயரின் இரண்டு முனைகளும் அதே பெட்டியில்தான் சொருகப்பட்டிருந்தன.

முருகேசன் மறைக்கவில்லை. "நாந்தான் மேடம் சொருகுனேன். ஒரு முனை தரையில கெடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா, தொடச்சு பொட்டு வச்சதை மறுபடி கீழ போட மனசு வரல. பெட்டியில ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு."

உண்மை தெரிந்ததும் அவர் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. அதுவரை சந்தேகம்தான் இருந்தது. இப்போது அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

முதல்வர் அறையில் கலா மேடம், "தப்பு என்னுதுங்க மேடம்" என்றார். "வெளியூர் போற தகவல்ல, இத்தனை எடம் தாண்டலாம்னு ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு எடத்துலயும் ஒண்ணு கொறையும். தீந்துபோனா தூக்கிப் போட்டுரும். கட்டடத்துக்குள்ளயே சுத்துற தகவலுக்கு அந்த எண் கெடையாது. 'இன்னார் எங்க இருக்கீங்க'ன்னு ஒரு கம்ப்யூட்டர் எல்லாருக்கும் பொதுவா கேக்கும். அது வட்டத்துல மாட்டிக்கிட்டா நிக்காது, சுத்திச் சுத்திப் பெருகும். வேற எதுக்கும் வழி இருக்காது. இப்படி வட்டம் விழுந்தா அந்த ஓட்டையை மட்டும் மூடிக்க பெட்டியிலேயே ஒரு ஏற்பாடு இருக்கு. அதை நான் போட்டு வைக்கல."

முருகேசனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் கதையாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. வெளியே வந்ததும் அதை அவரிடமே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நம்பாதீங்க. மத்தியானம் முதல்வர் மேடத்தையும் கூட்டிக்கிட்டு லேப்புக்கு வாங்க" என்றார்.

மத்தியானம் நாங்கள் போவதற்குள் அந்த ஏற்பாட்டைப் போட்டு வைத்திருந்தார். முருகேசனைக் கூப்பிட்டு, அதே ஒயரை அதே ஓட்டையில் சொருகச் சொன்னார். முருகேசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் மேடம்."

"சொருகுங்க. அன்னைக்கு நீங்களா செஞ்சீங்க, இன்னைக்கு நான் சொல்லிச் செய்யிறீங்க."

சொருகினார். அந்த ஓட்டையின் விளக்கு மட்டும் நிறம் மாறி நின்றது. மற்றவை வழக்கம்போல மின்னிக்கொண்டிருந்தன. முதல்வர் ஒரு கணினியில் தானே உட்கார்ந்து பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். திறந்தது.

"அப்ப இதை ஏன் முன்னாடியே பண்ணல?"

"பண்ணிருக்கணும். பண்ணல. அதைத்தாங்க காலையில இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். முருகேசன் வேலையில் நீடித்தார். விளக்கம் கேட்டு மெமோ கலா மேடத்துக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கு" என்றார்.

இறுதிச் சடங்கன்று கீரமங்கலத்தில் முருகேசனைப் பார்த்தேன். பந்தலுக்கு வெளியே தனியாக நின்றிருந்தார். அந்த மெமோவைப் பற்றி மேடம் பிறகு எப்போதாவது அவரிடம் பேசியதுண்டா என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தை பேசுனதில்ல மேடம். நானா பேச்செடுத்தாலும் வேலையைப் பாருங்கன்னுருவாங்க. மறு வருசம் பூசை வந்தப்ப, நான் லேப் பக்கமே போகாம வராண்டாவைக் கூட்டிக்கிட்டிருந்தேன். தேடி வந்து சாவியைக் கையில குடுத்தாங்க. 'லேப்பை நீங்கதான் தொடைக்கணும், வேற யாரும் சுத்தமாத் தொடைக்க மாட்டேங்கிறாங்க'ன்னாங்க. அம்புட்டுத்தான். நின்னு பாக்கக்கூட இல்ல, போயிட்டாங்க."

தன் பேரில் தவறை ஏற்றுக்கொள்ளும் துணிவு எனக்கு எந்த அளவுக்கு உண்டு என்று தெரியவில்லை. அந்தச் சாவியைக் கொடுத்த விதத்தையாவது கலா மேடத்திடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன்: பிசகிய வேலையை அதே ஆளின் கையில் திரும்பக் கொடுப்பது, கொடுத்துவிட்டு வாசலில் நின்று பார்க்காமல் வருவது.