ஒரே சஹனில் இரண்டு பெட்டரி

காலையில் கணவரின் படகு கரைக்கு வந்ததும் மீன் சந்தைக்குப் போகும், பெட்டரி என் வீட்டுக்கு வரும். வெறும் மணலில் அதை விட்டுவிட்டு வர எங்கள் சாய்ந்தமருதில் யாருக்கும் மனம் வராது. சார்ஜ் போடுவது என் வேலை. கரண்ட் அடிக்கடி போன காலத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து வீட்டுக்கு சோலார் பூட்டியவள் நான். பெட்டரி களைத்திருந்தால் எனக்குத் தெரியும்.

அந்த ஒற்றைப் பெட்டரி பாவம். இரவு முழுக்க விளக்கு, மீன் காட்டும் கருவி, இரண்டு போன் எல்லாம் அதைத்தான் உறிஞ்சும். விடிந்ததும் எஞ்சினையும் அதுவே எழுப்ப வேண்டும். கணவருக்குத் தோள் இறங்கிய பிறகு வாங்கிய எஞ்சின். சாவி மட்டும்தான், இழுக்கக் கயிறு கிடையாது. அலை முறியும் இடத்தைத் தாண்டித்தான் படகு மணலில் ஏற வேண்டும். அங்கே எஞ்சின் கைவிட்டால் படகு கவிழும், ஆளும் போய்விடுவார். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

நச்சரித்து இன்னொரு பெட்டரி வாங்கவைத்தேன். பெயின்ட் அடிக்கப் படகு எங்கள் வீட்டு வளவுக்கு வந்த கிழமை, பூட்டியதும் நான்தான். பின்பலகைக்குக் கீழே ஒன்று, எஞ்சினுக்கு. நடுவில் மற்றது, விளக்குக்கு. இரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும் குமிழ் வைத்த ஒரு சுவிட்ச். எஞ்சின் ஓடும்போது சேர்த்துவிட்டால் இரண்டிலும் சார்ஜ் ஏறும். எஞ்சினை நிறுத்தியதும் குமிழை விளக்குப் பெட்டரிக்குத் திருப்பிவிட வேண்டும், மற்றதில் சார்ஜ் அப்படியே நிற்கும். அவ்வளவுதான் சட்டம்.

முதல் கிழமை முழுக்க இரண்டு பெட்டரியும் ஒரே அளவு இளைத்து வந்தன. மீட்டரை வைத்துப் பார்த்தவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"குமிழத் திருப்பவே இல்ல, என்ன?"

"எதுக்குப் புள்ள பிரிக்கிற? ஒரே சஹன்ல திண்டாத்தானே பரக்கத்து" என்று சிரித்தார் கணவர்.

கந்தூரி விருந்து வீட்டில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து உண்பதைச் சொல்கிறார்; அப்படி உண்டால் இறையருள் பெருகுமாம். மனிதர் எதையும் தனியாகத் தின்னமாட்டார். பெட்டரியையும் அப்படியே நடத்தியிருக்கிறார்.

"சஹன்ல ஆறு பேரும் பசியாறி எழும்புவாங்க. இதுல ரெண்டும் பட்டினியா எழும்பும். மறுகா உங்கள ஆரு கரைக்குக் கொண்டு வார? இனி ரெண்டும் ஒண்டா இளைச்சு வந்தா நான் சார்ஜ் போடமாட்டன்."

"ஓம், ஓம்" என்றார். அந்த ஓமை நான் நம்பவில்லை.

வாடை தொடங்கிய பிறகு ஒரு காலை, காற்று கூரைத் தகரத்தைப் போட்டு அடித்தது. விடிகாலை சுபஹு தொழுத பாயிலேயே இருந்தேன். அவர் கடலில். குமிழ் எந்தப் பக்கம் நிற்கிறதோ என்பதுதான் நெஞ்சு முழுக்க. வெயில் ஏறிய பிறகு, அவருடன் கடலுக்குப் போகும், அவரைக் காக்கா என்று கூப்பிடும் அவர் தம்பி வாசலுக்கு ஓடிவந்தார்.

"மதினி, விளக்குப் பெட்டரி செத்துப்போச்சு. காத்துல நங்கூரம் இழுபட்டு அலை முறியிற இடத்துக்கே வந்துட்டம். காக்கா குமிழ மத்தப் பெட்டரிக்குத் திருப்பிச் சாவியப் போட்டாரு பாருங்க, ஒரே திருப்புல இஞ்சின் புடிச்சிட்டு!"

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதேன். அழுதுகொண்டே பெருமையும் பட்டேன். நான் முறுக்கிய வயர், நான் இறுக்கிய திருகாணி. அடக்கமாக இருக்க வேண்டும் என்பார்கள். அன்று என்னால் முடியவில்லை, இன்றும் முடியாது.

பின்னேரம் பள்ளியில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், பக்கத்துப் படகுக்காரர் இருவர் ஆளுக்கொரு புதுப் பெட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். தொழ நின்ற எனக்கு, கணவர் அவர்களை மறித்துச் சொன்னது கேட்டது.

"கொஞ்சம் பொறுங்க. எங்கட இஞ்சினியர் தொழுதுட்டு வருவா."