பொன்னுராஜின் கால்கள்

பள்ளிக்கூட ஓட்டப் பந்தயங்களில் பொன்னுராஜை யாரும் முந்தியதில்லை. விசில் சத்தம் அடங்குமுன் பாதித் தூரம் போயிருப்பான். அந்தக் கால்களை நம்பித்தான் போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டான். ஆள் எடுக்கும்வரை வயிற்றுப்பாட்டுக்கு என்று தேனியில் ஒரு பருத்தி ஆலைக்கு லோடுமேனாகப் போனவனுக்கு அங்கேயே வருஷங்கள் ஓடிப்போயின. இடையில் ஜெபராணியைக் கல்யாணமும் முடித்தான்.

மூட்டை சுமந்து சுமந்து தொடைகள் திரண்டன. ஆரம்பத்தில் நாலு நடைக்கே மூச்சு வாங்கியவன், இப்போது பொழுது சாயும்வரை தளராமல் சுமந்தான். ஆனால் முன்னெல்லாம் துள்ளிய பாதம் இப்போது அழுந்தி விழுவதை ஜெபராணி கவனித்திருந்தாள்.

கடைசியில் மதுரையில் ஆள் எடுத்தார்கள். இதை விட்டால் வயது தாண்டிவிடும்.

"ஏலே, இந்தத் தொடைய வச்சு ஓடினா மதுரையே அதிரும்ல. இன்னும் ரெண்டு மூட்டை சேத்துத் தூக்கு," என்றான் கூட்டாளி சின்னக்கருப்பு.

"ஒருக்கா ஓடிப் பாக்க வேணாமா?" ஜெபராணி அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"பாரத்தோட நடக்கிறவனுக்கு வெறுங்கையோட ஓடுறது பெரிய காரியமா?" பொன்னுராஜ் சிரித்தான். கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம்வரை மூட்டைதான் தூக்கினான்.

மதுரையில் மார்பளவு தேறியது. கயிறும் ஏறிவிட்டான். நூறு மீட்டரில் விசில் ஊதியதும் மற்றவர்கள் பாய்ந்துவிட்டார்கள். அவன் கால்கள் கிளம்பவே நேரமெடுத்தன. கடைசி ஆளாக, மூச்சுகூட இரைக்காமல், வந்து சேர்ந்தான்.

"மூட்டை தூக்குற வேலையாய்யா?" என்று கேட்டார் ஓட்டத்தைப் பார்த்திருந்த ஏட்டு. "வருசக்கணக்கா தூக்கினா சதை தாங்கி நிக்கிறதுக்குப் பழகிரும். வெடிச்சுக் கிளம்புறது கொறஞ்சிரும். ஓடியில்ல பழகியிருக்கணும்?"

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னான். ஜெபராணி சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் தொடவில்லை.

அந்த வருஷமே ஆலையில் கூலித் தகராறு வந்து கதவடைத்தார்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்ததில் தொடை வற்றியது. ஒருநாள் கோம்பைக்குப் போகப் புறப்பட்டார்கள். அவன் வெற்றிலை வாங்கித் திரும்புவதற்குள், ஜெபராணி ஏறியிருந்த பஸ் நகர்ந்துவிட்டது. அவன் ஓடினான். பஸ் வேகம் பிடிக்குமுன் படியில் நின்றான்.

"என்னண்ணே, ஓட்டத்துல போலீஸ்காரகளே தோத்தாக போங்க," என்றார் கண்டக்டர்.

பொன்னுராஜ் தன் கால்களையே பார்த்தான். "மூட்டை தூக்காமக் கெடந்ததுல பழைய ஓட்டம் திரும்பி வந்துருச்சு ஜெபா," என்றான் மெதுவாக.

வயது வரம்பு போன மாதமே தாண்டியிருந்தது. ஜெபராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆலையைத் திறந்தார்கள். முதல் மூட்டையை முதுகில் ஏற்றியபோது அந்தக் கால்கள் நடுங்கின.

"பழகிரும்ல," என்றான் சின்னக்கருப்பு.